பேட்டரியை மாற்றும் முன் மீட்டரை எடுங்கள்!

பைக்கில் கூடுதலாக இரண்டு விளக்கு மாட்டினோம். இரண்டு வாரம் கழித்து செல்ஃப் எடுக்க மறுக்கிறது. கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு மாட்டினோம். கேம் ஆரம்பித்த பத்தாவது நிமிடம் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. கேட்பதற்கு இரண்டும் வேறு வேறு நோய் போல இருக்கும். ஆனால் இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான்!

பைக்கில் ஓடுவது 12 வோல்ட் டி.சி. மின்சாரம். டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் உள்ளே பெரிய சுமைகளை இழுப்பதும் 12 வோல்ட் டி.சி.தான். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் மஞ்சள் வயரில் இருப்பது அதுவே. இரண்டிலும் நாம் செய்த காரியமும் ஒன்றுதான். இருக்கிற மின்சாரத்தில் புதிதாக ஒருவருக்குப் பங்கு பிரித்தோம். நம் ஊரில் இரண்டுக்கும் கிடைக்கும் வைத்தியமும் ஏறக்குறைய ஒன்றுதான். பைக் என்றால், "பேட்டரி போயிடுச்சு, மாத்திடுங்க." கம்ப்யூட்டர் என்றால், "ஒரு தடவை ஃபார்மட் பண்ணிடலாம் சார்."

இந்த இரண்டு வைத்தியமும் எனக்குப் பிடிக்காதவை. எதையும் அளந்து பார்க்காமல் ஒரு பாகத்தை மாற்றுவதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை. அது வாடிக்கையாளர் பணத்தில் நடக்கும் சூதாட்டம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் நீங்கள் இதை முதல் வருடத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. கம்ப்யூட்டர் பத்திரிகையில் பைக் எதற்கு என்று கேட்கிறீர்களா? கேபினெட்டைத் திறக்கப் பயப்படுபவர்கள்கூட பைக் சீட்டைக் கழற்றத் தயங்குவதில்லை. வயர் கண்ணுக்குத் தெரியும். கையால் தொட்டுப் பார்க்கலாம். பைக்கில் புரிந்துகொண்டால் கம்ப்யூட்டரில் தானாகப் புரிந்துவிடும்.

சம்பளமும் சேமிப்பும்

பைக்கில் மின்சாரத்தை உற்பத்தி செய்வது பேட்டரி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இன்ஜின் சுற்றும்போது உள்ளே இருக்கும் மேக்னெட் காயில்தான் மின்சாரம் தயாரிக்கிறது. அதை டி.சி.யாக மாற்றி, அளவு மீறாமல் காவல் காத்து பேட்டரிக்கு அனுப்புவது ரெக்டிஃபயர் யூனிட். குடும்பக் கணக்கில் சொன்னால் மேக்னெட் காயில் மாதச் சம்பளம், பேட்டரி சேமிப்புக் கணக்கு. செலவு சம்பளத்தைத் தாண்டினால் சேமிப்பு கரையும். எவ்வளவு பெரிய பேட்டரி போட்டாலும் கரையும் நாள் கொஞ்சம் தள்ளிப்போகுமே தவிர, கரைவது நிற்காது.

செலவைக் கணக்குப் போடுவது எளிது. வாட் என்பது வோல்ட்டும் ஆம்பியரும் பெருக்கி வருவது. தலா 20 வாட் எல்.ஈ.டி. விளக்கு இரண்டு என்றால் 40 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 3.3 ஆம்பியர். அதே இடத்தில் தலா 55 வாட் ஹாலஜன் இரண்டு போட்டால் 110 வாட், அதாவது 9.2 ஆம்பியர். கிட்டத்தட்ட மூன்று மடங்கு!

இன்னொரு விஷயம். 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் வரும் புது இருசக்கர வாகனங்களில் இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட் எப்போதும் எரியும். அணைக்க சுவிட்ச் கிடையாது. அதாவது 35 வாட் ஹெட்லைட் ஒன்று பகலிலும் சம்பளத்திலிருந்து தன் பங்கை எடுத்துக்கொண்டே இருக்கிறது. 2020-இல் பி.எஸ்.-6 விதி வந்த பிறகு பெரும்பாலான பைக்குகளில் கார்புரேட்டர் போய், ஃப்யூயல் இன்ஜெக்ஷனும் அதை ஆட்டிவைக்கும் ஈ.சி.யு. என்ற குட்டிக் கம்ப்யூட்டரும் வந்துவிட்டன. அவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். ஆகவே, "என் பழைய பைக்கில் மாட்டினேன், ஒன்றும் ஆகவில்லை" என்று நண்பர் சொல்வதை உங்கள் புது பைக்குக்கு அப்படியே பொருத்தாதீர்கள்.

பழைய பைக்குகளுக்கு வேறு ஒரு குணம் உண்டு. அவற்றில் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியைத் தொடாமல், மேக்னெட் காயிலிலிருந்து நேராக ஏ.சி. மின்சாரத்தில் எரியும். ஆக்ஸிலேட்டர் முறுக்கினால் பிரகாசம், விட்டால் மங்கல். டி.சி.க்காகச் செய்த எல்.ஈ.டி. விளக்கை அந்த ஹெட்லைட் வயரில் இணைத்தால் மினுக்கும், சீக்கிரம் கெட்டும் போகும். விளக்கு மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன், எந்த வயரில் இணைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

சனிக்கிழமை நன்றாக இருந்த பைக்

திருப்பூருக்கு வெளியே ஒரு கம்பெனியில் இரண்டாம் ஷிப்ட் பார்க்கிறார் என் பெரியப்பா மகன். மதியம் 2 மணிக்குப் போய் இரவு 11 மணிக்கு மேல் கிளம்புவார். வீட்டுக்கு 18 கிலோமீட்டர். அதில் பாதி தூரம் தெருவிளக்கு கிடையாது. ரோட்டில் நாய் படுத்திருக்கும். பின்னால் சிவப்பு விளக்கே இல்லாத டிராக்டர் டிரெய்லர் நிற்கும். பைக் கார்புரேட்டர் காலத்து 150 சி.சி. வண்டி. வெளிச்சம் போதவில்லை என்று ஒரு கடையில் இரண்டு எல்.ஈ.டி. விளக்கு மாட்டினார்.

சில வாரங்களில் ஒரு வினோதம். திங்கட்கிழமை மதியம் மட்டும் செல்ஃப் எடுக்காது. கிக்கரை உதைத்துக் கிளம்புவார். செவ்வாயிலிருந்து சனி வரை பெரிதாகப் பிரச்சினை இல்லை. இன்னொன்று, இரவில் புது விளக்கைப் போட்டால் ஹெட்லைட்டும் மீட்டர் விளக்கும் லேசாக மங்கும். கடைக்காரர் பேட்டரியை மாற்றினார். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. பிறகு அதே கதை. அடுத்து ரெக்டிஃபயர் யூனிட்டை மாற்றினார். அதற்குப் பிறகும் அதே கதை! பாகம், கூலி எல்லாம் சேர்த்து நான்காயிரம் ரூபாய்க்கு மேல் போயிற்று. அவருக்கு அது ஒரு வாரச் சம்பளம்.

"தம்பி, கடைசியா லைட்டையே கழட்டிடச் சொல்றாங்க. கழட்டிட்டா அந்த ரோட்டுல ராத்திரி நான் எப்படி வர்றது?" என்று போனில் கேட்டார். நியாயமான கேள்வி. விளக்கை அவர் அழகுக்காக மாட்டவில்லை.

ஒரு திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு மல்டிமீட்டரோடு போனேன். சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிழை எப்போது வருகிறது என்பதைவிட, எப்போது வருவதில்லை என்று முதலில் பார்ப்போம். மற்ற நாட்களில் வராமல் திங்களன்று மட்டும் வருகிறது என்றால், ஞாயிற்றுக்கிழமை பைக்குக்கு என்ன நடக்கிறது? ஒன்றும் நடக்கவில்லை. சும்மா நிற்கிறது. அப்படியானால் சும்மா நிற்கும்போதுதான் மின்சாரம் எங்கேயோ போகிறது!

சாவியை எடுத்துவிட்டு அளந்தோம். 0.14 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. விளக்குக்கான ரிலேயைப் பிடுங்கியதும் 0.002 ஆம்பியராகக் குறைந்தது. விஷயம் பிடிபட்டுவிட்டது. ரிலேயின் காயிலை சாவி வழியாகக் கொடுக்காமல் நேராக பேட்டரியில் இணைத்து, சுவிட்சை ரிலேக்குப் பின்னால், விளக்குக்குப் போகும் வயரில் வைத்திருந்தார்கள். விளக்கு அணைந்துதான் இருக்கும். ஆனால் ரிலே இரவும் பகலும் விழித்துக்கொண்டிருக்கும். தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடு.

இப்போது கணக்கைப் பாருங்கள். சனி நள்ளிரவிலிருந்து திங்கள் மதியம் 2 மணி வரை 38 மணி நேரம். 0.14-ஆல் பெருக்கினால் 5.3 ஆம்பியர் அவர். பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 9 ஆம்பியர் அவர். பாதிக்கு மேல் காலி! மற்ற நாட்களில் 14 மணி நேரம்தான் வீட்டில் நிற்கிறது. கம்பெனி ஸ்டாண்டில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால்கூட, போகும்போதும் வரும்போதும் ஏறும் சார்ஜ் ஓரளவு ஈடுகட்டிவிடுகிறது.

ஹெட்லைட் மங்கியது தனிக்கதை. புது விளக்கின் எர்த் வயரைத் தனியாக இழுக்காமல், ஹெட்லைட் கிண்ணத்துக்குள் இருந்த பழைய எர்த் இணைப்பிலேயே முறுக்கிவிட்டிருந்தார்கள். அந்த இணைப்பு ஏற்கெனவே பாசி பிடித்தது. எல்லா விளக்கும் எரியும்போது அந்த ஓர் இடத்தில் மட்டும் 1.1 வோல்ட் வீணானது. ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜைவிட வேகமாகக் குறையும். 10 சதவீதம் வோல்ட் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும். இவருக்கு 13.6 வோல்ட்டில் 1.1 குறைந்தது. அதாவது, கூடுதல் வெளிச்சத்துக்காக மாட்டிய வயரிங், கம்பெனி ஹெட்லைட்டின் வெளிச்சத்தில் சுமார் கால் பங்கைத் தின்றுகொண்டிருந்தது!

புது விளக்கை எரியவிட்டு இன்ஜினை ஓட்டும் வேகத்தில் வைத்துப் பார்த்தால் பேட்டரி முனையில் 13.6 வோல்ட் வந்தது. அதாவது சார்ஜிங் ஆரோக்கியமாகவே இருந்தது. பெட்டியில் ஒரு விளக்கு 40 வாட் என்று போட்டிருந்தார்கள். அளந்தால் இரண்டும் சேர்ந்தே 3 ஆம்பியர், 40 வாட்தான். விளக்கில் குற்றம் இல்லை. மாற்றிய பேட்டரியிலும் குற்றம் இல்லை, ரெக்டிஃபயரிலும் இல்லை. ரிலேயின் ஒரு வயரை இடம் மாற்றி, எர்த்துக்கு பேட்டரியின் மைனஸிலிருந்து தனி வயர் இழுத்து, பழைய இணைப்பை உப்புத்தாளால் தேய்த்தோம். ஒன்றரை மணி நேர வேலை. விளக்கு இன்றும் அந்த பைக்கில்தான் இருக்கிறது.

மூன்றே அளவுகள்

மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. விளக்கு மாட்டிய பிறகு எந்தக் கோளாறு வந்தாலும் இந்த மூன்று அளவையும் எடுத்துவிடுங்கள். ஆனால் அதற்கும் முன்னால், புது விளக்கின் ஃப்யூஸைக் கழற்றிவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். கோளாறு நின்றால் சந்தேகம் புது வயரிங் மேல். நிற்காவிட்டால் வேறு எங்கோ. கம்ப்யூட்டரில் சேஃப் மோடில் போய்ப் பார்க்கிறோமே, அதே உத்திதான். இது காசே செலவில்லாத சோதனை.

முதல் அளவு பேட்டரி முனைகளில். மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். பைக் சில மணி நேரம் நின்ற பிறகு 12.6-லிருந்து 12.8 வரை இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. பிறகு காற்றோட்டமான இடத்தில் இன்ஜினை ஓடவிட்டு, சாதாரணமாக ஓட்டும் வேகத்துக்கு ஆக்ஸிலேட்டர் கொடுங்கள். 13.5-லிருந்து 14.5 வரை வர வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெக்டிஃபயர் யூனிட்டைச் சந்தேகப்படலாம். புது விளக்கு அணைந்திருக்கும்போதே 13-க்குக் கீழே என்றால் சார்ஜிங்கில் கோளாறு. அணைந்திருக்கும்போது சரியாக இருந்து, விளக்கைப் போட்டதும் 13-க்குக் கீழே போய் அங்கேயே நின்றால், சம்பளத்துக்கு மேல் செலவு. பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள், வாட்டைக் குறையுங்கள்.

இரண்டாவது அளவு வழியில் வீணாவது. விளக்கு எரியும்போது, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பிளஸில் வையுங்கள், மறுமுனையை விளக்கின் பிளஸில் வையுங்கள். வருகிற எண்தான் வயரிலும் சுவிட்சிலும் வீணாகும் வோல்ட். அதேபோல் பேட்டரி மைனஸுக்கும் விளக்கின் மைனஸுக்கும் இடையே எடுங்கள். எந்தப் பக்கமாவது 0.5-ஐத் தாண்டினால் அந்தப் பக்கத்தைத் தேடுங்கள். என் அனுபவத்தில் குற்றவாளி பெரும்பாலும் மைனஸ் பக்கம்தான். பெயிண்ட் அடித்த இரும்பில் திருகிய எர்த், துரு, தோலைச் சீவி முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு. மின்சாரம் போனால் போதாது, திரும்பி வரவும் வழி வேண்டுமே!

மூன்றாவது அளவு சும்மா நிற்கும்போது கசிவது. சாவியை எடுத்துவிடுங்கள். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். மீட்டரின் சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையில் இருக்க வேண்டும். சில மில்லி ஆம்பியர் வரை சாதாரணம். கடிகாரம், மீட்டர் போன்றவை அதை எடுத்துக்கொள்ளும். ரிமோட் அலாரம், ஜி.பி.எஸ். கருவி மாட்டியிருந்தால் கொஞ்சம் கூடும். 0.1 ஆம்பியர் வந்தால் எங்கேயோ குழாய் ஒழுகுகிறது. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் எண் விழுகிறதோ, அந்த வழியில் தேடுங்கள்.

இதில் இரண்டு எச்சரிக்கை. மீட்டர் இப்படி நடுவில் இருக்கும்போது செல்ஃப் பட்டனை அழுத்தாதீர்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் பத்து ஆம்பியரைவிடப் பல மடங்கு இழுக்கும். மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். வேலை முடிந்ததும் சிவப்பு வயரைப் பழையபடி வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்துபோய் அதே துளையோடு பேட்டரியில் வோல்ட் பார்த்தால் அது நேரடி ஷார்ட் சர்க்யூட்!

பேட்டரி மாற்றுவதும் ஃபார்மட் செய்வதும்

இப்போது உங்கள் கம்ப்யூட்டருக்கு வருவோம். பேட்டரி மாற்றுவது என்பது பைக் உலகத்தின் ஃபார்மட். இரண்டுமே ஏன் இவ்வளவு பிரபலம் தெரியுமா? இரண்டுமே கொஞ்ச நாள் வேலை செய்யும்! புது பேட்டரி நிறைந்த சேமிப்போடு வருகிறது. கசிவு அதைக் கரைத்து முடிக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஃபார்மட் செய்த கம்ப்யூட்டரில் புரோகிராம்கள் குறைவு, சுமை குறைவு. சுமை ஏறும்வரை நன்றாக இருக்கும். அந்த இடைவெளியில் நீங்கள் பணம் கொடுத்துவிடுகிறீர்கள். ரிப்பேர் செய்தவரும் தான் கண்டுபிடித்தது சரி என்று மனதார நம்பிவிடுகிறார். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. நோய் மட்டும் அப்படியே இருக்கிறது. ஃபார்மட்டில் கூடுதலாக ஒரு நஷ்டம் உண்டு. பேக்கப் எடுக்காத குழந்தையின் போட்டோக்களும் போய்விடும்.

போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கை மாட்டினால் டிக் டிக் என்று சத்தம் வருகிறது, டிரைவ் தெரிந்து தெரிந்து மறைகிறது. உடனே "டிஸ்க் போச்சு" என்று முடிவு கட்டாதீர்கள். யு.எஸ்.பி. 2.0 போர்ட் கொடுக்க வேண்டியது 500 மில்லி ஆம்பியர். யு.எஸ்.பி. 3.0-இல் 900. தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் நான்கு கருவிகளை மாட்டினால், ஒரு போர்ட்டின் சம்பளத்தில் நான்கு பேர் சாப்பிட வேண்டும். ஹப்பைக் கழற்றி, கேபினெட்டின் பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் நேராக மாட்டுங்கள். கேபிளையும் குட்டையாக வேறொன்றுக்கு மாற்றிப் பாருங்கள். நீளமான மெல்லிய கேபிளில் வோல்ட் வீணாகும். பைக்கில் பார்த்த அதே இரண்டாவது அளவுதான்.

கிராஃபிக்ஸ் கார்டு கதையும் இதுவே. மதர்போர்டு ஸ்லாட் வழியாக ஒரு கார்டுக்குக் கிடைக்கக்கூடியது 75 வாட் வரைதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி கனெக்டர் வர வேண்டும். 6 பின் கனெக்டருக்கு 75 வாட், 8 பின்னுக்கு 150 வாட் என்பது விதி. வாங்குவதற்கு முன் எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் மொத்த வாட்டைவிட, 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்பதே முக்கியம். பல கம்ப்யூட்டர்களில் பயாஸ் ஸ்கிரீனில் ஹார்டுவேர் மானிட்டர் என்ற பகுதியில் 12 வோல்ட் எவ்வளவு வருகிறது என்று காட்டும். 5 சதவீதம் கூடவோ குறையவோ, அதாவது 11.4-லிருந்து 12.6 வரை இருந்தால் சரி. ஆனால் பயாஸில் இருக்கும்போது சுமை குறைவு என்பதையும் நினைவில் வையுங்கள்.

விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் கெர்னல் பவர், எண் 41 என்று ஒரு பதிவு இருந்தால் பயந்துவிடாதீர்கள். கம்ப்யூட்டர் முறையாக ஷட் டவுன் ஆகாமல் மறுபடி கிளம்பியிருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. காரணத்தைச் சொல்வதில்லை. அதை வைத்துக்கொண்டு எந்தப் பாகத்தையும் மாற்றாதீர்கள். புதிதாக மாட்டியதைக் கழற்றிவிட்டு, அதே வேலையைக் கொடுத்துப் பாருங்கள். ஒன்றே ஒன்று: எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

மெக்கானிக்கைக் குறை சொல்லலாமா?

"இருபது வருஷ அனுபவம் உள்ளவருக்கு மீட்டர் எதற்கு? சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். இன்ஜின் சத்தத்தைக் கேட்டு டைமிங் செயினையும் வால்வையும் சரியாகச் சொல்லும் மெக்கானிக்குகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காதுக்கு முன்னால் என் பட்டம் ஒன்றுமில்லை. ஆனால் 0.14 ஆம்பியருக்குச் சத்தம் கிடையாது. 1.1 வோல்ட் இழப்பு கண்ணுக்குத் தெரியாது. காது கேட்காத இடத்தில் மீட்டர்தான் காது.

இன்னொரு நியாயமும் உண்டு. ஒன்றரை மணி நேரம் தேடி ஒரு வயரை மாற்றினால், அதற்குக் கூலி கொடுக்க நாம் தயாராக இருக்கிறோமா? "ஒரு வயரை மாத்தினதுக்கு இவ்வளவா?" என்று கேட்கிறோம். ஆனால் புது பேட்டரிக்கு பில்லைப் பார்த்துப் பணம் கொடுத்துவிடுகிறோம். பாகத்துக்குப் பணம் உண்டு, மூளைக்குப் பணம் இல்லை என்றால் கடைக்காரர் பாகத்தைத்தானே மாற்றுவார்? கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவர்களுக்கும் இதே நிலைதான். ஆகவே என் கோரிக்கை இரண்டு பக்கமும் உண்டு. அவர்கள் அளந்து காட்டட்டும். நாம் அளந்ததற்குக் கூலி கொடுப்போம்.

மாட்டும்போதே கேளுங்கள்

இனிமேல் விளக்கு மாட்டப் போகிறவர்கள் இவற்றைக் கடையிலேயே கேட்டு வாங்குங்கள்.

ரிலே வேண்டும். அதன் அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் இருக்கும். பேட்டரியின் பிளஸ் ஃப்யூஸ் வழியாக 30-க்கு வர வேண்டும். 87-லிருந்து விளக்குக்குப் போக வேண்டும். 85-உம் 86-உம் காயிலின் இரு முனைகள். ஒன்று எர்த்துக்கு, இன்னொன்று சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயரிலிருந்து சுவிட்ச் வழியாக வர வேண்டும். சாவியை எடுத்தால் ரிலே தூங்க வேண்டும்.

ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வேண்டும். 40 வாட் எல்.ஈ.டி.க்கு 5 அல்லது 7.5 ஆம்பியர் ஃப்யூஸ் போதும். எரிந்துபோனால் அதைவிடப் பெரியதைப் போடாதீர்கள். சிகரெட் பெட்டிச் சரிகைத்தாளையோ செப்புக் கம்பியையோ சுற்றாதீர்கள். ஃப்யூஸ் எரிவது ஒரு சேதி. அதன் வாயை அடைத்தால் அடுத்தபடியாக எரிவது வயர், பெட்ரோல் டேங்குக்கு அடியில்!

வயர் தடிமனாக வேண்டும். 0.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரில் போக வர 4 மீட்டர் தூரம், 110 வாட் ஹாலஜன் என்றால் வயரிலேயே சுமார் 1.3 வோல்ட் வீணாகும். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 0.4 வோல்ட்தான். எர்த் வயரை பேட்டரி மைனஸுக்கே கொண்டு போகச் சொல்லுங்கள். இன்ஜெக்ஷன் பைக் என்றால், கம்பெனி வயரைச் சீவி இணைக்க விடாதீர்கள். சென்சார் வயர் எது, விளக்கு வயர் எது என்று நிறத்தை மட்டும் வைத்து ஊகிக்கக் கூடாது. வயரை வெட்டினால் வாரண்டி மறுக்கப்படவும் வாய்ப்பு உண்டு.

கடைசியாக, ஒரு துண்டுச் சீட்டு. எங்கிருந்து மின்சாரம் எடுத்தார்கள், ஃப்யூஸ் எங்கே, எத்தனை ஆம்பியர், ரிலே எங்கே, எர்த் எங்கே, மாட்டுவதற்கு முன்னும் பின்னும் பேட்டரியில் எத்தனை வோல்ட். ஐந்தாறு வரிதான். எங்கள் தொழிலில் புரோகிராமில் எதை மாற்றினாலும், யார், எப்போது, ஏன் மாற்றினார் என்று எழுதி வைக்காவிட்டால் வேலை நடக்காது. அதே சீட்டு பைக் சீட்டுக்கு அடியிலும் இருக்கட்டும், கம்ப்யூட்டர் கேபினெட்டின் உள்பக்கமும் ஒட்டியிருக்கட்டும். இரண்டு வருடம் கழித்து வேறொரு மெக்கானிக் திறக்கும்போது அவருக்குக் கும்பிடத் தோன்றும்.

எதிரே வருபவரையும் நினையுங்கள். விளக்கின் ஒளி ரோட்டில் விழ வேண்டும், அவர் கண்ணில் விழக் கூடாது. எதிரே வண்டி வந்தால் அணைக்கக் கைக்கு எட்டும் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். வாகனத்தில் செய்யும் மாற்றங்களுக்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது. மாட்டுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

புதிதாக ஒன்றைச் சேர்க்காமல் பைக்கும் இருக்காது, கம்ப்யூட்டரும் இருக்காது. தாராளமாகச் சேருங்கள். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சேருங்கள். சேர்ப்பதற்கு முன் ஓர் எண், சேர்த்த பின் ஓர் எண் எழுதி வையுங்கள். நாளைக்கு யாராவது, "இதை மாத்தினா சரியாயிடும்" என்று சொன்னால் மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எவ்வளவு வோல்ட் வருதுங்க?" பதில் எண்ணாக வந்தால் பர்ஸைத் திறக்கலாம்.